தோட்டத்துக்குப் புத்தாண்டு ஆடியில்

வீட்டுத் தோட்டம் போடும் ஆசை நம்மில் பலருக்குப் பொங்கல் முடிந்த கையோடுதான் வருகிறது. வெயில் இதமாக இருக்கிறது, கடைகளில் நாற்று கிடைக்கிறது, கைபேசியில் யாரோ ஒருவர் ஒரே தொட்டியிலிருந்து கூடை கூடையாகத் தக்காளி பறித்துக் காட்டுகிறார். பத்துப் பை, இரண்டு மூட்டை தேங்காய்நார்க் கழிவு, விதவிதமான விதைப் பாக்கெட்டுகள் என்று வாங்கி வந்து நட்டால் மாசி வரை எல்லாம் தளதளவென்றுதான் இருக்கும். பங்குனியில் பூ கொட்டத் தொடங்கும். சித்திரையில் மாவுப்பூச்சி ஏறும். வைகாசியில் காலிப் பைகள் மாடி மூலைக்குப் போய்விடும். ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று வீட்டில் முடிவும் கட்டிவிடுவார்கள். இதில் கைராசிக்கு வேலையே இல்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் தோட்டத்தின் ஆண்டு தொடங்குவது ஆடியில். அது முடிவது கத்திரி வெயிலுக்கு முன்னால். நடுக்கோடை, செடி வளர்க்கும் காலமல்ல, மண்ணுக்கு ஓய்வு தரும் காலம். இந்த ஒழுங்கை ஏற்றுக்கொள்கிற வீட்டில் செலவும் குறையும், ஏமாற்றமும் குறையும்.

இந்த எளிய உண்மை நமக்கு மறந்துபோனதற்குக் காரணம் இருக்கிறது. இன்று தோட்டக் கலையை நாம் பெரும்பாலும் படிப்பதும் பார்ப்பதும் குளிர்நாடுகளிலிருந்து வரும் செய்திகளில். அங்கே ஆண்டைப் பிரிப்பது உறைபனி. கடைசிப் பனி விலகியதும் விதைப்பார்கள், கோடை முழுக்க அறுவடை செய்வார்கள், பனிக்காலத்தில் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுவார்கள். நம் சமவெளியில் உறைபனியே கிடையாது. இங்கே ஆண்டைப் பிரிப்பது மழை. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு நெருக்கமானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்றே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் பெய்வது சொற்பம். குளிர்நாட்டில் செடியை முடக்குவது பனி என்றால், இங்கே முடக்குவது ஏப்ரல், மே மாதங்களின் வெக்கை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூ பிஞ்சாகாமல் உதிரும். எத்தனை உரம் போட்டாலும், எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் மலட்டு மகரந்தம் காய் பிடிக்கப்போவதில்லை.

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று உழவர்கள் சொன்னதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. கோடையின் உச்சம் தணிந்திருக்கும். மாலை நேரத்து இடிமழை ஒன்றிரண்டு கிடைக்கும். மண் நனையும், ஆனால் ஊறிக் கிடக்காது. விதை முளைக்க இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை. ஆடியில் போட்ட கத்தரியும் மிளகாயும் சுரையும் பீர்க்கும், ஐப்பசியில் பெருமழை வரும்போது இரண்டரை மூன்று மாதச் செடிகளாக, வேர் ஊன்றி, தண்டு முற்றி நிற்கும். அதே விதையை ஐப்பசியில் போட்டால் என்ன ஆகும்? ஈரம் வடியாத மண்ணில் பூஞ்சை தாக்கி, நாற்றின் கழுத்து தரையோடு ஒட்டி அழுகிச் சாயும். நாற்றழுகல் என்று சொல்வது இதைத்தான். மழையே நாற்றைக் கொன்றது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த மழையைத் தாங்கும் வயது நாற்றுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பட்டம் என்பது செடியின் வயதையும் வானிலையையும் பொருத்திப் பார்க்கிற ஏற்பாடு.

இதற்குச் சிறந்த சாட்சி பந்தல் அவரை. பழைய கொடி அவரை ரகங்கள் பூக்க வேண்டுமானால் பகல் பொழுது சுருங்க வேண்டும். குறும்பகல் தாவரம் என்பார்கள். சென்னையில் ஜூன் மாதத்தின் நீண்ட பகலுக்கும் டிசம்பரின் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நாம் உணர்வதுகூட இல்லை. அவரைக் கொடி உணர்கிறது. ஆடியில் விதைத்த கொடி புரட்டாசிக்குள் பந்தலேறி, பகல் குறையக் குறையக் கணுவுக்குக் கணு பூங்கொத்து தள்ளி, மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையைத் தை முடிந்து போட்டுப் பாருங்கள். முளைக்கும், கொடி ஓடும், இலை கையகலம் விரியும், பந்தல் நிறைந்து நிழல்கூடக் கிடைக்கும். பூ மட்டும் வராது. நாள் நீண்டுகொண்டே போகும் பருவத்தில், அந்தக் கொடியைப் பொறுத்தவரை பூக்கும் வேளை இன்னும் வரவில்லை. அடுத்த மழைக்காலம் வரை அதற்குத் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பவர் விதைக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

மழை மாதங்களில் வேலை நடவைவிடப் பராமரிப்பில்தான் அதிகம். புரட்டாசி முடிவதற்குள் முற்றத்து மரங்களைக் கழித்துவிட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது; அடர்ந்த தலைப்பாரமும் ஆழமில்லாத வேரும் சேர்ந்த மரம் காற்றுக்கு நிற்காது. முருங்கைக் கிளை இயல்பிலேயே முறியக்கூடியது. அதை முன்கூட்டியே வெட்டிவிட்டால் மழைக்காலத்தில் தண்டில் அப்பும் கம்பளிப்பூச்சியைக் கவனிப்பதும் எளிது. பாத்திகளை மேடாக்கி, ஓரத்தில் வடிகால் எடுத்துவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வைப்பது முக்கியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும்; ஒரு கை தண்ணீர் தேங்கினாலே அதற்கு இடம் கிடைத்துவிடும். மழை ஓயும் தறுவாயில், நவம்பர் கடைசி வாரத்தில், மல்லிகைச் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தால் மாசி, பங்குனியில் புதுத் தளிரில் மொட்டு கட்டும். காய்க்கும் வயதுள்ள மாமரத்துக்கு இதே பருவத்தில் தண்ணீரை நிறுத்த வேண்டும். பாசம் மிகுந்து மார்கழியிலும் நீர் பாய்ச்சினால் பூவுக்குப் பதில் இலைதான் துளிர்க்கும்.

கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை நமக்குக் கிடைக்கும் குளிர், சிறிய வரவு. முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர், கொத்தமல்லி ஆகியவை சமவெளியில் நன்றாக வருவது இந்த இடைவெளியில் மட்டும்தான். கொத்தமல்லியை வெயிலில் விதைத்தால் இலை பெருக்காமல் அவசரமாகப் பூத்துவிடும். தைப் பட்டத்தில் விதைப்பதற்கும் பயிர்கள் உண்டு: வெள்ளரி, வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. இவை வெயில் தாங்குபவை, குறுகிய காலத்தில் பலன் தருபவை. பொங்கலுக்குப் பின் ஆசை வந்தவர்கள் தக்காளியை விட்டு இவற்றைத் தேர்ந்தெடுத்தால், பங்குனிக்குள் அறுத்து முடித்து நிம்மதியாகக் கோடையை எதிர்கொள்ளலாம்.

கோடையில் ஓய்வு என்றால் கைகட்டி உட்காருவது அல்ல. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். காலியான பாத்தியைக் கொத்தி, ஒருமுறை நீர்விட்டு, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டால், உள்ளே ஏறும் சூடு நூற்புழுக்களையும் அழுகல் பூஞ்சைகளையும் களை விதைகளையும் பெருமளவு அழித்துவிடும். மாசி, பங்குனியில் உதிரும் சருகைக் குவித்துத் தீ வைப்பது நம் தெருக்களில் வழக்கமாகிவிட்டது. வேப்பஞ்சருகும் மாஞ்சருகும் புகையாவதற்குப் பதில், நிற்கும் மரங்களின் அடியில் அரை அடி உயரத்துக்கு மூடாக்காகக் கிடந்தால், மண் சூடு குறையும், தண்ணீர்ச் செலவு குறையும், அடுத்த மழையில் அதுவே மக்கி எருவாகும். பூச்சிக் கணக்கிலும் ஓய்வுக்கு இடமுண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவி உழவர்களைக் கலங்கடித்தது. மருந்தடித்துத் தீராத அந்தத் தொல்லையை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. கோடையில் வாடி நிற்கும் செடிகளில் மாவுப்பூச்சி பெருகும். அவற்றைக் காப்பாற்ற வாரந்தோறும் மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிகள். முடிந்துபோன செடியைப் பிடுங்கிவிடுவது பூச்சியின் சாப்பாட்டை நிறுத்துகிற மலிவான வழி.

இதற்கு முதல் மறுப்பு, ‘பருவமே தப்பிப்போன காலத்தில் பட்டம் பார்த்து என்ன பயன்?’ என்பது. நியாயமான கேள்வி. 2015-இல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து, டிசம்பரில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டே அதே பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கன்னியாகுமரிக்கு இரு பருவமழையும் உண்டு. நீலகிரிக்கு உறைபனியே உண்டு. மாநிலம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது. ஆனால் பட்டம் என்பது தேதி அல்ல, முறை. உங்கள் ஊரில் பெருமழை எப்போது தொடங்குமோ, அதற்கு இரண்டரை மாதம் முன்னால் விதைப்பது அந்த முறை. மழை தள்ளிப்போகலாம் என்ற அச்சம் இருந்தால் விதையை மூன்று பங்காக்கி, பதினைந்து நாள் இடைவெளியில் போடுங்கள். ஒரு பங்கு தவறினாலும் மற்றவை கைகொடுக்கும். மழை மாறினாலும் பகலின் நீளம் மாறுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வானிலை நிச்சயமற்றுப் போகும்போது, மாறாத ஒன்றை நம்பும் அவரை போன்ற பயிர்களின் பட்டம் இன்னும் மதிப்புப் பெறுகிறது.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பத்தின் பக்கமிருந்து வருகிறது: எல்லாப் பருவத்திலும் காய்க்கும் ரகங்கள் வந்துவிட்டன, நிழல்வலை இருக்கிறது, சொட்டுநீர் இருக்கிறது, நிலமில்லாதவர்களுக்கு மாடி இருக்கிறது. உண்மைதான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை கிடைக்கிறது; வெண்டை அநேகமாக ஆண்டு முழுவதும் காய்க்கும். ஆனால் மாடிதான் பருவத்துக்கு மிகவும் கட்டுப்பட்ட இடம். தரையில் வேர் ஆழத்துக்குப் போய்க் குளிர்ச்சி தேடும்; பையில் உள்ள வேருக்கு ஒளிய இடமில்லை. மே மாதத்தில் கான்கிரீட் தளத்தின் சூடு அடியிலும், வெயில் பக்கவாட்டிலும் தாக்க, காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் வற்றிவிடும். பையை மண்ணால் நிரப்பிச் சூட்டைக் குறைக்கலாம் என்றால், ஒரு கனஅடி ஈர மண் ஏறத்தாழ 50 கிலோ. தளம் தாங்க வேண்டுமே! நிழல்வலை நல்ல துணை, ஆனால் அது இரவின் புழுக்கத்தைக் குறைக்காது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நகரத்தில் ஒரு கிலோ தக்காளிக்காக இரண்டு வேளை நீரூற்றுவதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல முடியாது.

பருவத்தில் விளைவது சந்தையிலும் அதே பருவத்தில் மலிவாகத்தானே கிடைக்கிறது என்று கேட்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தையில் தக்காளி விலை சரியும்போது வீட்டுத் தக்காளியால் பணம் மிச்சமாகாது. ஆகவே வீட்டுத் தோட்டத்தை வருமானக் கணக்கில் வைக்காமல், சந்தை சரியாகத் தராததைத் தருகிற இடமாக வைக்க வேண்டும்: பறித்த ஒரு மணி நேரத்தில் வாடும் கீரை, அப்போதே கிள்ளிப் போடும் கறிவேப்பிலை, கடைக்கு அரிதாக வரும் பந்தல் அவரை, கைக்கெட்டும் முருங்கை. இடமும் நேரமும் குறைவாக உள்ளவர்கள் இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. ஆனி மாதமே எருவைக் கலந்து பாத்தியைத் தயார் செய்யுங்கள், ஆடியில் விதையுங்கள், பங்குனியில் அறுத்து முடியுங்கள், சித்திரையில் மண்ணைச் சும்மா விடுங்கள். கோடையில் காலியாகக் கிடக்கும் பாத்தியைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த ஆடிக்கான விதையை அந்த நாட்களில் காயவைத்து, சாம்பலில் புரட்டி எடுத்து வையுங்கள்.