கடைக்காரர் கணினியில் நம் ஆதார்

தீபாவளி நெருங்கிவிட்டால் போதும், 'பழசைக் கொடுங்க, புதுசை எடுத்துட்டுப் போங்க' என்ற தட்டி லேப்டாப் கடைகளில் தொங்க ஆரம்பித்துவிடும். சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, ஊர் பஜாரானாலும் சரி, விலையில் ஐந்நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவோம். சார்ஜரைத் தேடி எடுத்து வருவோம். உள்ளே கிடக்கும் படங்களையும் பத்திரங்களையும் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில்: "ஃபார்மட் போட்டாச்சு சார்."

எந்த ஃபார்மட் என்பதில்தான் சங்கதி. சில நொடிகளில் முடிகிற 'குவிக் ஃபார்மட்' கோப்புகளைத் தொடுவதே இல்லை. எது எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை மட்டும் மாற்றிவிட்டு, இடம் காலி என்று சொல்லிவிடுகிறது. டெலீட்டும் இதே கதைதான். பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போன பிறகும் இலை அங்கேயே கிடக்கிறது. அடுத்தவருக்கு இலை போடும்வரை, அவர் எதைத் தின்றார், எதை ஒதுக்கினார் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதை அள்ள, இலவச ரெகவரி மென்பொருளே போதும்.

அமெரிக்க ஆய்வு மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஓடும் நிலையில் இருந்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து கிடைத்த கிரெடிட் கார்டு எண்கள் 5,000க்கும் மேல். ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்தது.

ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்தியம் சுலபம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 35 முறை மேலெழுத வேண்டும் என்ற நம்பிக்கை 1996இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையால் பரவியது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது வேண்டாம் என்று அதை எழுதியவரே பிற்பாடு சொல்லிவிட்டார். ஒருமுறை மேலெழுதினால் போதும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்.எஸ்.டி.தான் வில்லங்கம். தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். ஒரே ஒரு கோப்பை அழிப்பதாகச் சொல்லும் முறைகளை 2011இல் ஆய்வாளர்கள் சோதித்தபோது எதுவுமே தேறவில்லை. கோப்பின் 4 முதல் 75 சதவீதம் வரை மிச்சம் இருந்தது. அதனால் வாங்கிய அன்றே, தரவைச் சாவி போட்டுப் பூட்டும் என்கிரிப்ஷனைப் போட்டுவிட வேண்டும். விற்கும்போது விண்டோஸின் 'ரீசெட்'டுக்குப் போய், எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, 'கிளீன் டேட்டா'வையும் தேர்ந்தெடுத்தால் சாவியும் சேர்ந்து போய்விடும். பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு வாங்கியவர் என்ன செய்வார்?

ஆக, சொந்த லேப்டாப்புக்கு வழி இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்கு?

கல்லூரி கவுன்சலிங், பாஸ்போர்ட், பட்டா, முதியோர் உதவித்தொகை என எல்லாவற்றுக்கும் நாம் போய் நிற்பது பிரவுசிங் சென்டரில். "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க" என்கிறார் தம்பி. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், பெண்ணின் ஜாதகம், கூடவே புகைப்படம் என்று அனுப்பிவிடுகிறோம். பிரிண்ட் வந்ததும் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். கோப்புகளோ அந்தக் கணினியின் டவுன்லோட்ஸில், முன்பின் தெரியாத நூறு பேரின் காகிதங்களோடு குடியிருக்கின்றன. நம்முடையதைத் தேடி அவர் திரையை உருட்டும்போது யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டு நம் கண்ணில் படுகிறதே, அதேபோல் நம்முடையது இன்னொருவர் கண்ணில் படும்.

அவர் அழித்தாலும் முடிந்தபாடில்லை. படத்தின் குட்டி வடிவத்தை விண்டோஸ் தனியாகச் சேமித்து வைக்கும். மூலப்படம் போனாலும் அது தங்கியிருக்கலாம். அவர் கைபேசி கேலரியில் இன்னொரு நகல். பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றின் வயிற்றிலும் ஹார்ட் டிஸ்க் உண்டு. 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று பழைய மெஷின்களை வாங்கித் திறந்தபோது போலீஸ் ஆவணங்களும் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளும் வந்தன. அந்த விவகாரத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் ஓடுவதும் வெளிநாட்டில் ஓய்ந்து இங்கே வந்த மெஷின்தான். அது அடுத்த கடைக்கு விலைபோகும்போது நம் காகிதமும் சேர்ந்தே போகலாம்.

நாளெல்லாம் கூட்டம் நிற்கும்போது ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க முடியுமா என்கிறார்கள் கடைக்காரர்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் இரவு ஷட்டரை இறக்குமுன் டவுன்லோட்ஸைக் காலி செய்யலாம். டிஸ்க்குக்கு என்கிரிப்ஷன் போடலாம். பழைய கணினியை விற்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தெருமுனைக் கடையில் அதை யார் போய்ச் சரிபார்ப்பது?

யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டே காரியத்தைப் பார்ப்போம். பன்னிரண்டில் முதல் எட்டு எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதார் செல்லும் இடத்தில் முழு ஆதாரைக் கொடுக்க வேண்டாம். பெண்ணின் படத்தை வீட்டிலேயே ஒரு சின்ன பிரிண்டரில் எடுத்துக்கொள்ளலாம். 'சிம் கார்டுக்கு மட்டும்' என்று நகலின் குறுக்கே எழுதித் தேதி போடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அப்படி எழுதிய பிறகு படம் எடுத்து அதையே கடைக்கு அனுப்புங்கள். அந்த நகல் எந்த டிஸ்க்கில் எத்தனை வருடம் கிடந்தாலும், இன்னொரு காரியத்துக்கு அதை நீட்டுகிறவர் முதலில் அந்தக் குறுக்கெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.