பெட்டி பூட்டிய இரு சக்கர உழவு இயந்திரம்: பாதுகாப்பாகச் செலுத்தலும் பேணலும்

வயலிலிருந்து நெல்லையும் தோட்டத்திலிருந்து மரக்கறியையும் ஏற்றிச் செல்லும் வேலை முற்காலத்தில் மாட்டு வண்டிலுக்கே உரியதாயிருந்தது. இன்று அவ்வேலையிற் பெரும்பகுதியை இரு சக்கர உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டப்படும் பெட்டியும் செய்கின்றன. இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010) 1950ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய ‘லாண்ட்மாஸ்டர்’ என்னும் இயந்திரத்தின் பெயர், பிற்காலத்தில் இவ்வகை இயந்திரங்கள் எல்லாவற்றிற்கும் வழங்கும் பொதுப் பெயராயிற்று.

வண்டில் மாடு சரிவைக் கண்டால் தயங்கும். பள்ளத்தைக் கண்டால் விலகும். இயந்திரத்துக்கு அத்தகைய உணர்வு இல்லை. செலுத்துபவரின் கை எதனைச் செய்கின்றதோ அதற்கு மட்டுமே அது கட்டுப்படும். ஆகவே, அதன் இயல்பைச் செலுத்துபவர் செவ்வனே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும் பூட்டாணியை முதலிற் பார்த்தல் வேண்டும். வண்டிலுக்குக் கடையாணி எத்துணை முக்கியமோ, பெட்டிக்குப் பூட்டாணி அத்துணை முக்கியமானது. தேய்ந்த ஆணியையோ, உரிய ஆணிக்குப் பதிலாக ஒரு துண்டு இரும்புக் கம்பியையோ செருகி வேலை செய்தலாகாது. ஆணி மேலெழாதபடி அதன் முனையில் இடப்படும் காப்பாணியும் தன் இடத்தில் இருத்தல் வேண்டும்.

அடுத்து, சக்கரங்களின் சுரைகள் இறுகியுள்ளனவா என்றும், இரு பக்கத்து டயர்களிலும் காற்று ஒரே அளவாயுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு டயரிற் காற்றுக் குறைந்திருப்பின் இயந்திரம் ஒரு பக்கமாக இழுக்கும். பெட்டியின் பிறேக் மிதியை அழுத்திச் சோதித்த பின்னரே பாரம் ஏற்ற வேண்டும்.

சாரம் உடுத்தவர் அதனை உயர்த்தி இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். தோளிற் கிடக்கும் சால்வையைக் கழற்றி வைத்தல் நன்று. சுழலும் பட்டியிலே துணியின் ஒரு முனை அகப்பட்டால், அதனை விடுவிக்க நேரம் கிடையாது. பட்டியை மூடும் தகட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுதல் ஒருபோதும் கூடாது.

எஞ்சினை இயக்குதல்

கைபிடியாற் சுற்றி இயக்கப்படும் டீசல் எஞ்சினே இன்றும் பலரிடம் உள்ளது. சுற்றுமுன் கியர் நடுநிலையிலும் முதன்மைக் கிளச்சு விடுபட்ட நிலையிலும் இருத்தல் வேண்டும். ஒரு கையால் அமுக்கத்தை விடுவிக்கும் நெம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைபிடியை மெதுவாகத் தொடங்கி வரவர விரைவாகச் சுற்ற வேண்டும். எஞ்சின் போதிய வேகம் பெற்றதும் நெம்பை விட்டு, மேலும் ஓரிரு சுற்றுச் சுற்றினால் அது இயங்கத் தொடங்கும்.

கைபிடியைப் பற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றிப் பிடித்தலாகாது. ஐந்து விரல்களும் ஒரே பக்கத்தில் இருத்தல் வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைப்பின், பெருவிரலோ மணிக்கட்டோ முறிவதற்குப் பிழையான பிடியே பெரும்பாலும் காரணமாகும். எஞ்சின் இயங்கியதும் கைபிடியை அதன் தண்டிலேயே விட்டுவிடாது, உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது எஞ்சினோடு சுழன்று வீசப்படலாம்.

அடைத்த கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிடலாகாது. புகையோடு வெளிவரும் நச்சு வாயுவிற்கு மணமில்லை. அது சூழ்வதை உணருமுன்னரே மயக்கம் உண்டாகும்.

பாரம் ஏற்றுதல்

பெட்டியிற் குறிக்கப்பட்ட நிறைக்கு மேல் ஏற்றலாகாது. சாரதியின் ஆசனமும் பெட்டியிலேயே அமைந்திருப்பதால், அவருடைய நிறையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். உதாரணமாக, 500 கிலோகிராம் தாங்கும் பெட்டியில் 60 கிலோகிராம் நிறையுள்ள நெல் மூடைகளை ஏற்றுவதாகக் கொள்வோம். 8 மூடைகளின் நிறை 480 கிலோகிராம். அது அளவிற்கு உட்பட்டதே எனத் தோன்றும். ஆயினும் 60 கிலோகிராம் நிறையுள்ள சாரதி ஏறியதும் மொத்தம் 540 கிலோகிராம் ஆகிவிடும். ஆகவே 7 மூடைகளே பொருத்தமானவை. இரு நடையிற் செய்ய வேண்டிய வேலையை ஒரு நடையில் முடிக்க விரும்பி அச்சை வளைத்துக்கொள்வது இலாபமன்று.

பாரத்தின் நடுப்பகுதி பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னே அமைய வேண்டும். பாரம் பின்பக்கம் மிகின் பூட்டு மேலே உயர்ந்து இயந்திரத்தின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். முன்பக்கம் மிகின் பூட்டின் மேல் அழுத்தம் கூடி இயந்திரத்தின் முன்பகுதி உயரும். மூடைகளை உயரமாக அடுக்காது பரவலாக அடுக்கிக் கயிற்றாற் கட்ட வேண்டும். பாரத்தின் மேலும், பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள இணைப்புத் தண்டின் மேலும் எவரையும், சிறப்பாகப் பிள்ளைகளை, ஏற்றலாகாது. தண்டிலிருந்து தவறியவர் விழுமிடம் பெட்டிச் சக்கரத்தின் பாதையேயாகும்.

சரிவில் இறங்குதல்

எல்லாவற்றிலும் மிகுந்த கவனத்துக்குரியது இதுவே. குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும்போதும், வெலிமடை, நுவரெலியா போன்ற மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் மரக்கறி ஏற்றி இறங்கும்போதும் இவ்வியந்திரம் சமதரையில் நடப்பதற்கு நேர்மாறாக நடக்கும். இதனை அறியாதவர், பல்லாண்டு சமதரையிற் செலுத்திப் பழகியவராயினும், சரிவிலே புதியவரே.

கைபிடிகளின் கீழ் இடத்திலும் வலத்திலும் திருப்பற் கிளச்சுப் பிடிகள் இரண்டு உண்டு. சமதரையில் இடப் பிடியை அழுத்தினால், இடச் சக்கரத்துக்கு எஞ்சினின் விசை செல்வது நிற்கும். அச்சக்கரம் பின்தங்க, வலச் சக்கரம் முன்னேற, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும்.

சரிவிலோ எஞ்சின் சக்கரங்களை இழுப்பதில்லை. பின்னேயுள்ள பாரமே இயந்திரத்தைத் தள்ளுகின்றது; எஞ்சின் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்கின்றது. அந்நிலையில் இடப் பிடியை அழுத்தினால், இடச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு விரைந்து உருளும். வலச் சக்கரம் இன்னும் பிடிக்கப்பட்டிருப்பதால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் திரும்ப எண்ணியவர் வலப்பக்கப் பள்ளத்தை நோக்கிச் செல்வார். தவறென உணர்ந்து பிடியை மேலும் இறுக அழுத்துவது பலருக்கு இயல்பு. அதனால் ஆபத்து மிகுமேயன்றிக் குறையாது.

ஆகவே சரிவில் இறங்கும் முறை வருமாறு:

1. சரிவின் உச்சியிலேயே நிறுத்தி, தாழ்ந்த கியரை இட்டு, எஞ்சினின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2. இறங்கத் தொடங்கிய பின் கியரை மாற்றலாகாது. முதன்மைக் கிளச்சை விடுவிக்கவோ, டீசலை மிச்சம் பிடிக்கக் கருதி நடுநிலையில் உருளவிடவோ கூடாது. அப்படிச் செய்தால் எஞ்சினின் பிடி முற்றாக அற்றுவிடும்.

3. திருப்பற் கிளச்சுப் பிடிகளைத் தொடாது, கைபிடிகளை உடல் வலிமையால் மெல்ல அசைத்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும்.

4. பெட்டியின் பிறேக்கை இடையிடையே மெதுவாக அழுத்த வேண்டும். பெட்டி பின்னிழுக்கப்படுவதால் அது இயந்திரத்தைத் தள்ளும் விசை குறையும். திடீரென அழுத்தினால் சக்கரங்கள் வழுக்கும்.

5. செங்குத்தான சரிவாயின் பாரத்தைப் பாதியாக்கி இரு தடவையாகக் கொண்டு செல்ல வேண்டும்.

புதிதாகப் பழகுபவர், வெறும் பெட்டியுடன் சிறு சரிவிற் பலமுறை இறங்கிப் பழகிய பின்னரே பாரத்துடன் இறங்குதல் தகும்.

வரம்பும் வாய்க்காலும்

வரம்பைக் கடக்கும்போது நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகச் சென்றால் பெட்டியின் ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்து பெட்டி கவிழும். வாய்க்கால் ஓரமாகச் செல்கையில், வாய்க்காலின் ஆழம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு தூரமேனும் விளிம்பிலிருந்து விலகிச் செல்லல் வேண்டும். நீரூறிய கரை பாரத்தைத் தாங்காது இடிந்துவிடும். சேற்றிற் புதைந்தால், சக்கரத்தின் கீழே தடியும் கல்லும் இட்டு எஞ்சினை முறுக்குதல் தவறு. பாரத்தை இறக்கி, பெட்டியைக் கழற்றி, இயந்திரத்தைத் தனியே வெளியேற்ற வேண்டும்.

வீதியிற் செல்லல்

இவ்வியந்திரத்தைப் பெட்டியுடன் வீதியிற் செலுத்துபவர் அதற்குரிய வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் இருட்டிய பின்னர் வீடு திரும்புதல் வழக்கம். விளக்கற்ற பெட்டியைப் பின்னால் விரைந்து வரும் வாகனச் சாரதி மிக அண்மையில் வந்த பின்னரே காண்பார். பெட்டியின் பின்பக்கத்து இரு மூலைகளிலும் சிவப்பு ஒளிதெறிப்பான்களைப் பொருத்தி, அவற்றைச் சேறும் வைக்கோலும் மறைக்காதபடி துடைத்து வைத்தல் வேண்டும். இச்சிறு செலவு ஓர் உயிரின் காப்பாகும்.

பேணல்

நாள்தோறும்: எஞ்சின் ஓயும் நிலையில், சமதரையில் வைத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். குளிர்விக்கும் நீரை நிரப்ப வேண்டும். உவர்நீர் படிவை உண்டாக்குமாதலின், உவர்க் கிணறுள்ள இடங்களில் மழைநீரைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துதல் நன்று. கொதிக்கும் எஞ்சினுட் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பு வெடிக்கும். ஆறவிட்டே ஊற்ற வேண்டும். சூடடிக்கும் நாட்களில் தூசி மிகுதியாகையால் காற்று வடிகட்டியை நாள்தோறும் துப்புரவாக்க வேண்டும். டீசலைத் தெளியவிட்டு வடித்து ஊற்றுதலும், இரவில் தாங்கியை நிரப்பி வைத்தலும் நீர் சேர்வதைத் தடுக்கும்.

குறித்த காலத்தில்: எஞ்சின் எண்ணெயைக் கைநூலிற் கூறிய மணித்தியாலக் கணக்கின்படி மாற்ற வேண்டும். இயங்கிய நேரத்தை ஒரு கொப்பியிற் குறித்து வருதல் இதற்கு உதவும். பட்டிகளின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பட்டி தேய்ந்திருப்பினும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஒரே அளவாக இழுக்கமாட்டா. திருப்பற் கிளச்சுக் கம்பிகள், பெட்டியின் பிறேக், சக்கர உருளைகளின் கிறீஸ் ஆகியவற்றையும் அப்போதே பார்த்தல் வேண்டும்.

போகம் முடிந்தபின்: சேற்றைக் கழுவி உலர்த்தி, குளிர்விக்கும் நீரை வடித்து, மழை படாத கொட்டகையில் நிறுத்த வேண்டும். கைபிடியைச் சுற்றி, அமுக்கம் கனமாகத் தோன்றும் நிலையில் எஞ்சினை விட்டால் வால்வுகள் மூடியிருக்கும். உள்ளே ஈரம் புகாது. டயர்கள் நிலத்திற் படாதவாறு கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தல் நன்று.

திருத்தமோ துப்புரவோ எதுவாயினும் எஞ்சினை நிறுத்திய பின்னரே செய்தல் வேண்டும். இயந்திரம் பழுதுபட்டால் திருத்தலாம். அதனைச் செலுத்தும் கை பழுதுபட்டால் அக்குடும்பத்தின் போகமே தவறிவிடும். இயந்திரத்தைப் புதிதாக வாங்குபவரும் பிறர் கையிற் கொடுப்பவரும், சரிவில் இறங்கும் முறையைத் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ பழகிய சாரதியிடமோ நேரிற் கற்றுக்கொள்ளல் வேண்டும்.