மனச்சான்றின் உரிமை

1985இல் கேரளப் பள்ளியொன்றில் நாட்டுப்பண் பாடும்போது மூன்று பிள்ளைகள் மரியாதையோடு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. யெகோவாவின் சாட்சிகளான அவர்களது மனச்சான்று அதற்கு இடம் தரவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது.

நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்று உரிமையை எல்லாருக்கும் தருகிறது. பொது ஒழுங்கு, நன்னெறி, உடல்நலம் என எல்லைகளையும் வகுக்கிறது. அமைதியாக நின்ற பிள்ளைகள் எந்த எல்லையையும் தாண்டவில்லை.

அமெரிக்காவிலும் கொடிவணக்கம் செய்ய மறுத்த இச்சபையின் மாணவர்களுக்கு எதிராக 1940இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 1943இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

நம்மோடு ஒத்துப்போகாதவருக்கு மறுக்கப்படும் உரிமை நாளை நமக்கும் மறுக்கப்படலாம். நம் பள்ளியில், நம் தெருவில் தனித்து நிற்பவரை நாம் எப்படி நடத்துகிறோம்? சிந்திப்போம்.