எடை தெரியாத இயந்திரம்

ஹட்டன், நுவரெலியா பக்கம் தேயிலை ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொழுந்து வாட்டுகிற தொட்டி, உருட்டுகிற ரோதை, உலர்த்துகிற அடுப்பு எல்லாவற்றையும் காட்டுவார்கள். கடைசியில் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பொதியிடும் அறைக்குக் கூட்டிப் போவது குறைவு. சாக்கு, தராசு, மை, மூலையில் அடுக்கிய தாள் தவிர அங்கே படம் எடுக்க ஒன்றும் இல்லை என்ற நினைப்பாக இருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலின் ஒரு பெரிய தலைவலி அந்த அறையில்தான் தொடங்குகிறது. தேயிலையை விற்பது எடைக் கணக்கில். அதை அடைப்பதோ சாக்கிலும் பையிலும் உள்ள இடத்தின் கணக்கில். இந்த இரண்டு கணக்கையும் பொருத்துவதற்குத்தான் பொதியிடலுக்கு முந்தைய ஆயத்த வேலையில் பெரும்பகுதி போகிறது.

அடுப்பிலிருந்து வந்த தூளைச் சல்லடைகள் தரம் தரமாகப் பிரிக்கும். முறுக்கிய நீள இலையாக நிற்கும் ஓ.பி., அதைவிடச் சிறிய பி.ஓ.பி., இன்னும் பொடியான பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட். ஒரே அளவுச் சாக்கில் இவற்றை மாற்றி மாற்றி நிரப்பினால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை காட்டும். நீள இலை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து நடுவில் காற்றை வைத்துக்கொள்கிறது. பொடி நெருங்கி உட்காருகிறது. அதனால் எந்தத் தரத்துக்குச் சாக்குக்கு எத்தனை கிலோ என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்கள். சாக்கை நிரப்பும்போது அடியில் ஓர் அதிர்வு மேடை அதைக் குலுக்கிக்கொண்டே இருக்கும். அளவுக்கு மேல் குலுக்கினால் இலை நொறுங்கித் தரம் இறங்கும். குறைவாகக் குலுக்கினால் வாய் மூடாது.

ஒரு தரத்தில் போதிய அளவு சேர்ந்ததும் அதை ஒன்றாகக் கொட்டிக் கலப்பார்கள். திங்கட்கிழமைத் தேயிலையும் வெள்ளிக்கிழமைத் தேயிலையும் ஒரே இன்வொய்ஸில் போகிறபோது, முதல் சாக்கிலிருந்து எடுத்த மாதிரியும் கடைசிச் சாக்கின் மாதிரியும் கோப்பையில் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கலந்த தூள் காந்தத் தட்டுகளைத் தாண்டித்தான் சாக்குக்கு வரும். ரோதையிலும் சல்லடையிலும் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துணுக்குகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். காந்தத்தைத் துடைக்காமல் வேலையைத் தொடங்கினால் காந்தம் இருந்தும் பயன் இல்லை. ஈரமும் பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து மூன்று சதவீதத்தை ஒட்டிய ஈரத்தோடு இறங்கும் தேயிலை, மலைக்காற்றில் திறந்து கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். ஆறு, ஏழு என்று ஏறிவிட்டால் மறுபடியும் அடுப்புக்குத்தான் போக வேண்டும். மூடுபனி இறங்கிய பிற்பகலில் பொதியிடும் அறைக் கதவைத் திறந்து வைத்தால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சத்தம் போடுவது இதனால்தான்.

சாக்கு என்கிறோமே தவிர, அது சணல் இல்லை. பல அடுக்குத் தாள். உள்ளே ஈரம் புகாதபடி அலுமினியத் தகடு ஒட்டிய ஓர் அடுக்கு. தேயிலைச் சாக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே ஐ.எஸ்.ஓ. 9884 என்று ஒரு சர்வதேசத் தர விதி உண்டு. வெற்றுச் சாக்குகளைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், பலகைமேல் மடிப்பு விழாமல் அடுக்க வேண்டும். மடிந்த இடத்தில் தகடு கீறும். கீறலைக் கண்ணால் பார்க்க முடியாது, ஈரம் மட்டும் வழி கண்டுபிடித்துவிடும். நிரப்பும் முன்பே சாக்கின்மேல் தோட்டத்தின் பெயர், தரம், இன்வொய்ஸ் இலக்கம், மொத்த எடை, நிகர எடை எல்லாம் ஏறியிருக்க வேண்டும். எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை தடவும் பழைய முறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு: முந்தின தரத்தின் தகட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்ததைக் கையில் எடுக்க வேண்டும். பி.ஓ.பி. தகட்டை வைத்து பி.ஓ.பி.எஃப்.மேல் அடித்துவிட்டால் தேயிலையில் ஒரு குறையும் இல்லாமலே அந்தச் சரக்குக் கொழும்பில் திரும்பி நிற்கும்.

தாள் சாக்குக்கு முன்பு மரப்பெட்டிக் காலம். அப்போது ஆயத்த வேலை இன்னும் கனமானது. ஒட்டுப்பலகைகள், உள்மூலைச் சட்டங்கள், விளிம்புக்குத் தகரப் பட்டி, ஆணி, உள்ளே சுற்ற ஈயத்தகடு, அதற்கும் உள்ளே மெல்லிய தாள் என்று எல்லாம் தனித்தனியாக வந்து இறங்கும். பெட்டி அடிப்பதற்கென்றே ஸ்டோரில் ஆட்கள் இருந்தார்கள். ஈயத்துக்குப் பதில் அலுமினியம் பின்னால் வந்தது. பச்சை மரமும் பலகை ஒட்டிய பசையும் தேயிலைக்கு வாடை ஏற்றிவிடும் என்பதால் பெட்டி எந்த மரம் என்பது ருசி பார்ப்பவரின் கவலையாகவும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எஸ்தோனியாவின் லூதர் ஆலையில் செய்த ஒட்டுப்பலகைகள் வெனெஸ்டா என்ற லண்டன் கொம்பனி வழியாக உலகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கின. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து முடங்கியபோது காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசே ஓர் ஒட்டுப்பலகை ஆலையை நடத்த நேர்ந்தது. இலை இங்கே, பெட்டி வேறெங்கோ என்ற நிலை இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை.

மலையிலிருந்து இறங்கும் சாக்கு கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. 2020இல் கொரோனா காலத்தில் கணினித் திரைக்கு மாறியது. டீ பேக் இயந்திரங்கள் பெரும்பாலும் ஓடுவது கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான். அங்கே அத்தனை கவனமாகக் கட்டிய சாக்கின் வாயை வெட்டி, பல தோட்டத்துத் தேயிலைகளைக் கலந்து, இரண்டு கிராம் இரண்டு கிராமாக மறுபடியும் அடைக்கிறார்கள்.

இரண்டு அறை கொண்ட டீ பேக், ஜெர்மனியின் டேகன்னெ நிறுவனத்தில் வேலை பார்த்த அடோல்ஃப் ராம்போல்டின் மூளையில் உதித்தது. 1949இல் அவர் கொண்டுவந்த கொன்ஸ்டன்டா இயந்திரத்தின் வழியில்தான் இன்றும் பல இயந்திரங்கள் நடக்கின்றன. இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்து ஐ.எம்.ஏ. நிறுவன இயந்திரங்களும் இந்தத் தொழிலில் பேர் பெற்றவை. வேலை இதுதான். சுருளிலிருந்து தாள் ஓடிவரும். அதன்மேல் இரண்டு குவியலாகத் தேயிலை விழும். தாளின் இரு ஓரங்களும் சேர்ந்து, மடிந்து, பற்சக்கரங்களுக்கு நடுவே அழுந்திக் குழாயாகும். கத்தி வெட்டும். வெட்டிய துண்டு நடுவில் மடங்கி, டபிள்யூ எழுத்து மாதிரி நிற்கும். தலையை மடக்கி, நூலோடு சேர்த்து ஓர் அலுமினியக் கம்பி குத்தும். நூலின் மறுமுனையில் அச்சிட்ட டேக். பசை கிடையாது. இவ்வளவும் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல்.

இந்த ஓட்டத்துக்குத் தாள், நூல், டேக், கம்பி, உறை, அட்டைப்பெட்டி, மேலே சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் என்று ஏழு பொருளை வரிசையாகக் கையிருப்பில் வைக்க வேண்டும். ஆச்சரியமானது தாள்தான். இந்த வகைப் பைக்கான சுருள் வழக்கமாக 94 மில்லிமீட்டர் அகலம். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிராம். ஒரு பையில் உள்ள தாள் கால் கிராம்கூட வராது. அதைக் கொதிநீரில் போட்டுக் கிளறினாலும் கிழியாமல் காப்பது அபாகா என்ற நார். வாழை இனத்துச் செடி. உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதியைப் பிலிப்பைன்ஸ் தருகிறது. அமெரிக்காவின் டெக்ஸ்டர் ஆலையில் ஃபே ஓஸ்போர்ன் 1930களில் இந்த நாரைக் கொண்டு மெல்லிய தாள் செய்யும் வழியைக் கண்ட பிறகுதான் டீ பேக் துணியை விட்டுத் தாளுக்கு வந்தது. சூட்டில் ஒட்டுகிற வகைத் தாளும் உண்டு. அதில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், எடையும் கூடுதல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல வெள்ளை என்பதால் சுருளின் சீட்டைப் படிக்காமல் மாட்டக்கூடாது. கடிபற்களை நம்பிய இயந்திரத்தில் ஒட்டுத்தாளை ஏற்றினால் பை உருவாகும், காசுதான் வீண். ஒட்டு இயந்திரத்தில் சாதாரணத் தாளை ஏற்றினால் பை உருவாகவே உருவாகாது.

இனி அந்த எடை விவகாரம். டீ பேக் இயந்திரம் தேயிலையை நிறுப்பதில்லை, அளக்கிறது. சுழலும் சக்கரத்தின் விளிம்பில் குழிகள் இருக்கும். குழி நிரம்பும், மேலே வழித்துவிடப்படும், கீழே கொட்டும். குழியின் ஆழத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். திருகின் எல்லையைத் தாண்டினால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். எந்தச் சக்கரம், எத்தனை திருகு என்று தெரிந்துகொள்ள ஓட்டத்துக்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். கலவையில் 100 கிராம் நிறுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் மெல்லக் கொட்டி, குறித்த தடவை தட்டி, எத்தனை மில்லிலீட்டரில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 300இல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிராமுக்கு 6 மில்லிலீட்டர் குழி. மறுநாள் வந்த கலவை 330இல் நிற்கிறது, ஆனால் யாரும் திருகைத் தொடவில்லை. பைக்கு 1.82 கிராம்தான் விழும். 50 கிராம் என்று அச்சிட்ட 25 பைப் பெட்டியில் 45.5 கிராம். அது சட்டக் குற்றம். கலவை 270இல் நின்றால் பைக்கு 2.22 கிராம் போகும். ஒரு தொன் தேயிலையில் 5,00,000 பை வர வேண்டிய இடத்தில் 4,50,000தான் வரும். புகார் சொல்ல ஆள் இல்லாததால் இந்த நட்டம் பல நாள் ஓடக்கூடியது. நான் ஒரு பொதியிடும் கூடத்துக்குப் பொறுப்பாளி என்றால் தராசைவிட இந்தக் கண்ணாடிக் குழாயைத்தான் பூட்டி வைப்பேன்.

தேயிலை ஏன் இப்படி மாறுகிறது? உருட்டுகிற அழுத்தம், சல்லடையின் தேய்மானம், கொழுந்தின் பருவம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. டிம்புல, நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்றுப் பருவத்தில் வரும் தேயிலையும் மழைக்காலத்துத் தேயிலையும் ஒரே தோட்டத்து ஒரே தரம் என்றாலும் குழாயில் ஒரே கோட்டில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஓட்டத்துக்கு முந்தைய சோதனையில் பொடியின் பங்கையும் பார்ப்பார்கள். பொடி மிஞ்சினால் தாளின் துளை வழியாக உதிர்ந்து பெட்டியின் அடியில் கறுப்பாகக் கிடக்கும். அதைவிட மோசம், பற்சக்கரங்களுக்கு நடுவே புகுந்து அடைத்துக்கொள்வது. பல் அடைத்தால் மடிப்பைக் கடிக்காது. கடிக்காத மடிப்பு கோப்பையில் வாய் பிளக்கும். அதனால் பித்தளைத் தூரிகையால் பல் பல்லாகத் தட்டிச் சுத்தம் செய்வதும், கத்தியின் விளிம்பைப் பார்ப்பதும், தீட்டிய இன்னொரு கத்தியைப் பக்கத்தில் வைப்பதும் ஓட்டத்துக்கு முந்தைய வேலைகள். அபாகா நார் மழுங்கிய கத்திக்கு வெட்டுப்படாமல் இழுபடும். மலையக ஸ்டோர்களில் ஆயுத பூசைக்கு இயந்திரக் காவல் தெய்வமான ரோதைமுனியைக் கும்பிட்டு, எல்லா இயந்திரத்தையும் துடைத்துச் சந்தனம் வைக்கிறார்களே, அந்தத் துடைப்பில் பாதியைத் தினமும் செய்யச் சொன்னால் கத்தியும் பல்லும் நெடுநாள் உழைக்கும்.

வாசனைத் தேயிலை என்றால் வரிசையும் முக்கியம். சாதாரணத் தேயிலையை முதலில் ஓட்டிவிட்டு, பெர்கமொட் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரேயைக் கடைசிக்கு வைப்பார்கள். மாற்றி ஓட்டினால் கழுவித் துடைக்க மணிக்கணக்காகும். தாளும் வாசனையை இழுக்கும் என்பதால் சுருள்களைத் தனி அறையில், உறை பிரிக்காமல் வைப்பார்கள்.

கையிருப்புக் கணக்குப் போடும்போது தடுமாற வைப்பது மலிவான பொருட்கள்தான். பைக்கு 20 சென்ரிமீட்டர் நூல் என்று வைத்தாலும் ஒரு தொன் தேயிலைக்கு 100 கிலோமீட்டர் நூல் வேண்டும். ஹட்டனிலிருந்து கொழும்பு வீதியில் பிரித்துக்கொண்டே வந்தால் அவிசாவளையைத் தாண்டிவிடும். சிங்க இலச்சினை அச்சிட்ட பெட்டி தீர்ந்துபோனால் அவசரத்துக்கு வேறு பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாது. முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதியிட்டது என்பதற்குத் தேயிலைச் சபை அனுமதித்த அடையாளம் அது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு டொலரும் வேண்டும்: 2022 மார்ச்சில் தாள் வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. மலையில் கொழுந்துக்குப் பஞ்சம் இல்லை என்பதால் மட்டும் பொதியிடும் கூடம் ஓடிவிடாது என்பது அந்த வருடம் எல்லோருக்கும் விளங்கியது.

எல்லாம் மாட்டி முடிந்து இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் பைகளை நேரே பெட்டிக்கு விடமாட்டார்கள். சிலவற்றை நிறுப்பார்கள், சிலவற்றின் நூலைப் பிடித்து இழுப்பார்கள், சிலவற்றைக் கொதிநீரில் போட்டு வாய் பிளக்கிறதா என்று பார்ப்பார்கள். தாள் சுருள் மாறி ஒட்டுப்போட்ட இடம் வருகிற பையும் தள்ளுபடி. தள்ளிய பைகளைக் கிழித்துத் தேயிலையைத் தனியே எடுத்துச் சலித்தால், நொறுங்காத பங்கை மறுபடி கலவையில் சேர்க்கலாம். தாளும் நூலும் கம்பியும் குப்பைக்கு. அதனால் இரண்டு கிராமுக்குச் சரியாகத் திருக எத்தனை பை செலவானது என்று பதிவுப் புத்தகத்தில் ஒரு பத்தி ஒதுக்கி எழுதி வைப்பார்கள். அடுத்த தடவை அதே கலவை வரும்போது எந்தத் திருகில் தொடங்குவது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.