போர்க்களத்தில் இழந்தார்கள், பந்தாட்டத்தில் வென்றார்கள்!

1912-ஆம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மைதானம். ஒரு பக்கம் வருங்கால ராணுவ அதிகாரிகள். மறு பக்கம், அந்த ராணுவத்திடம் தங்கள் மண்ணைப் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகள்!

அவர்கள் பென்சில்வேனியா ராஜ்யத்தின் கார்லைல் பள்ளி மாணவர்கள். செவ்விந்தியர் என்று வெள்ளையர் அழைத்த பூர்வகுடியினர். பெயர்தான் பள்ளி, பந்தாட்டத்தில் மோதியதெல்லாம் பெரிய கல்லூரிகளோடு.

1879-ல் ரிச்சர்டு பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய பள்ளி அது. பெற்றோரைப் பிரித்துப் பிள்ளைகளைக் கொண்டு வந்தார்கள். நீண்ட முடியை வெட்டினார்கள். ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். தாய்மொழி பேசவும் தடை! வாயைக் கட்டிப் போட்ட பிள்ளைகள், தாங்கள் யார் என்பதை மைதானத்தில் காட்டினார்கள்.

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரிகள் பாய்ந்து வீழ்த்துவார்கள். பயிற்சியாளர் வார்னர், முரட்டுப் பலத்தை வேகத்தாலும் தந்திரத்தாலும் வெல்லக் கற்றுக் கொடுத்தார்.

குழுவின் நட்சத்திரம் ஜிம் தோர்ப். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பியிருந்தார். அவரைத் தடுக்க முயன்ற ராணுவ மாணவர்களில் ஒருவர், பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர்!

முதலில் 6 புள்ளிகள் எடுத்தது ராணுவக் குழு. அத்தோடு சரி! முடிவில் கார்லைல் 27, ராணுவம் 6. பூர்வகுடியினர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட 'வூண்டட் நீ' படுகொலை நடந்து அப்போது 22 ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்தப் பருவத்தில் கார்லைல் ஆடியவை 14 ஆட்டங்கள்; வெற்றி 12, தோல்வி 1, சமநிலை 1.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. முன்பு பணம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்று 1913-ல் தோர்ப்பின் பதக்கங்களைப் பறித்தார்கள். 1918-ல் பள்ளியையே மூடினார்கள். 1953-ல் தோர்ப் காலமானார். 1983-ல்தான் பதக்கங்களின் பிரதிகள் அவருடைய பிள்ளைகள் கைக்கு வந்தன. 2022-ல்தான் ஒலிம்பிக் கமிட்டி அவரையே தனி வெற்றியாளர் என்று மீண்டும் அறிவித்தது.

நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து வந்தது நீதி. மைதானத்திலோ, அந்த இளைஞர்கள் ஒரே பிற்பகலில் அதை வாங்கிவிட்டார்கள்!