மூன்று பேரும் நான்காவது ஆளும்

ராஜபாளையத்துப் பையன்கள் மூன்று பேர் (கிதார், பாஸ், டிரம்ஸ்) ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் ராக் வாசித்ததைப் போன வருஷம் கேட்டேன். கிதார்காரர் தனி வாசிப்புக்குப் போனதும் பாட்டுக்கு அடியில் குழி விழுந்தது. பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "என்ன சார், பாதிப் பேரு சாப்பிடப் போயிட்டாங்களா?"

காரணம் எளியது. கார்டுகளை மீட்டிக்கொண்டிருந்த கை தனி மெட்டுக்குப் போய்விட்டால் நடு ஸ்தாயியைத் தாங்க ஆளில்லை. கீழே பாஸ், மேலே சிம்பல், நடுவில் வெற்றிடம். பையன்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். குழியும் கூடவே பெரிதாயிற்று. மைக் செட்காரர் எக்கோ வைத்தார், தாளம் கலங்கியது. அடுத்த தடவை லேப்டாப்பில் பதிவிசை ஓட்டலாம் என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பதிவு கூட்டத்தைக் கேட்பதில்லை. ஜனங்கள் ஒரு வரியைத் திரும்பக் கேட்டாலும் அது நிற்காது. மூன்று பேரும் அதன் பின்னால் ஓட வேண்டும். சம்பளம் வாங்காத அந்த நான்காவது ஆள்தான் கடைசியில் முதலாளி.

1966இல் லண்டனில் உருவான க்ரீம் என்ற மூவர் குழுவில் ஜாக் புரூஸ் பாஸையே இன்னொரு மெட்டாக வாசித்தார். 1980இல் பம்பாய் வந்து வாசித்த போலீஸ் குழுவின் வழி வேறு: ஆண்டி சம்மர்ஸின் கிதார் விரிந்த கார்டுகளாலும் எதிரொலியாலும் வெளியைப் பரப்ப, ஸ்டிங்கின் பாஸ் வேண்டுமென்றே இடைவெளி விட்டது. திட்டமிட்ட வெற்றிடம் ஓட்டையல்ல.

நமக்கும் இது புதுசில்லை. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டை அடிக்கும் கனத்த ஒலி கீழே, வில்லின் மணிகள் மேலே, நடுவில் உடுக்கை. யாரும் யார் இடத்திலும் ஏறுவதில்லை. பறையிலோ ஒரே ஆள் இரண்டு ஆள்: தடித்த அடிகுச்சிக்கு ஒரு குரல், மெல்லிய சிம்புக்குச்சிக்கு இன்னொரு குரல்.

பையன்களிடம் சொன்னேன்: தனி வாசிப்பின்போது பாஸ்காரர் லேசான டிஸ்டார்ஷனோடு இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிக்கட்டும். டிரம்ஸ்காரர் ஹை-ஹாட்டை விட்டு ரைட் சிம்பலுக்குப் போகட்டும். கிதார் ஒரு திறந்த தந்தியைச் சுருதிபோல ஒலிக்க விடட்டும். சரணத்தில் கையை அடக்குங்கப்பா. முன்னால் அள்ளிக் கொட்டினால்தான் பின்னால் குறை தெரியும்.

தெருமுனையில் ஒரு பறையோடு மூன்று தோழர்கள் நிற்கும்போதும் இதே கேள்விதான். ஆள் பத்தவில்லை என்று ஒலிபெருக்கியிடம் ஓடுகிறோம். மூன்று பேரும் ஒரே வரியை ஒரே ஸ்தாயியில் கத்திக்கொண்டிருக்கிறோமா என்று முதலில் பார்க்கலாம். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கட்டும். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் தெருவும் சேர்ந்து பாடும்.