தாத்தாவின் த்ரீ நாட் த்ரீயும் என் அஞ்சு குண்டும்



‘என்.சி.சி.யில் நிஜத் துப்பாக்கியால் சுடச் சொல்லித் தருவார்களாமே, எப்படி?’ என்று 8ஆம் வகுப்புத் தம்பி ஒருத்தன் நம்ம சுவரிதழ் கேள்விப் பெட்டியில் சீட்டு போட்டிருந்தான். தமிழய்யா அதை என் கையில் கொடுத்து, “நீதானம்மா கேம்ப்புக்குப் போய் வந்தவ, நீயே எழுது” என்று சொல்லிவிட்டார்.

முதலில் எங்கள் தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் போலீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் காலத்துத் துப்பாக்கி .303. எல்லாரும் ‘த்ரீ நாட் த்ரீ’ என்பார்களே, அதுதான். குழாயின் உள் விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். முழுப்பெயர் லீ என்ஃபீல்டு. லீ என்பது போல்ட்டையும் மேகசினையும் வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். 1907ல் வந்த மார்க் 3 என்ற மாடல்தான் இரண்டு உலகப் போரிலும் நம்ம ஊர் சிப்பாய்கள் தோளில் இருந்தது. கல்கத்தா பக்கத்தில் இஷாப்பூரிலும் அதைச் செய்தார்கள். சிலதைக் குண்டு அளவு மாற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் .410 மஸ்கட் ஆக்கிக் காவல் வேலைக்குக் கொடுத்தார்கள். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் .303க்கு விடை கொடுத்தது. நூறு வருஷத்துக்கு மேல ஒரு துப்பாக்கி வேலை பார்த்திருக்குன்னா பாத்துக்கங்க!

ஏன் இத்தனை காலம் நின்றது? தாத்தா சொன்ன காரணம், “வேகம்மா”. போல்ட்டைக் கொஞ்சமாகத் திருப்பினால் போதும், திறந்துவிடும். ஜெர்மனிக்காரன் மவுசர் துப்பாக்கியில் அது 90 டிகிரி திரும்பணும், இதில் 60 டிகிரிதான். மேகசினில் 10 குண்டு. பழைய பிரிட்டிஷ் ராணுவத்தில் 300 கெஜத்தில் இருக்கும் குறியை ஒரு நிமிஷத்தில் 15 தடவை குறிபார்த்துச் சுட வேண்டும் என்று ஒரு பரீட்சையே வைத்திருந்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கேம்ப்பில் எங்களுக்குக் கொடுத்தது .22. பார்க்க அப்படியே .303 மாதிரியே இருக்கும், கனமும் கிட்டத்தட்ட அதே. ஏன்னா அந்தப் பழைய .303ன் உடம்பிலேயே .22 குழாயைப் பொருத்திப் பழகுவதற்காகச் செய்தது அது. மேகசின் பெட்டி இருக்கும், ஆனால் குண்டை ஒவ்வொன்றாகத்தான் போடணும். உதை கிடையாது. குறி 25 கெஜம் தூரத்தில் காகிதத்தில் இருக்கும். ஆளுக்கு அஞ்சு குண்டு. அந்த அஞ்சில்தான் போட்டிக்கான டீம் எடுப்பார்கள்.

நான் சுட்ட அஞ்சும் குறியின் கீழே இடது பக்கம் போய் விழுந்தன. பக்கத்து லேனில் இன்னொரு பள்ளிப் பெண்ணுக்கு ஒன்று நடுப்புள்ளியில், மற்றது நாலா பக்கமும். எல்லாரும் அவளுக்குத்தான் கை தட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “இந்த ரைஃபிள் சைட் கோணல் சார்” என்று ஹவில்தார் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒண்ணும் பேசலை. அதே துப்பாக்கியை வாங்கிப் படுத்தார், மூணு குண்டு சுட்டார். மூணும் நடுவில். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். என்னைப் படுக்க வைத்து, அவரே குண்டு போட்டுக் கொடுத்தார். சில தடவை நிஜக் குண்டு, சில தடவை சுட்டு முடித்த வெறும் தோட்டா. எது என்று எனக்குத் தெரியாது. வெறும் தோட்டா இருந்தபோது டிரிகரை இழுத்தேன், ‘டிக்’ என்று மட்டும் சத்தம். ஆனால் துப்பாக்கி முனை தானாகக் கீழே குத்தியது! சத்தம் வரப்போகுதுங்கிற பயத்தில் என் கை முன்கூட்டியே உதறியிருக்கு. உதை இல்லாத .22க்கே இப்படி. கோணல் சைட்டில் இல்லை, என்கிட்டதான்.

அவர் சொல்லித் தந்தது எல்லாம் .303க்கும் பொருந்தும் என்று தாத்தாவும் ஒத்துக்கொண்டார். கண்ணால் பின் சைட், முன் சைட், குறி மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முன் சைட் நுனி மட்டும் தெளிவாக இருக்கட்டும், குறி மங்கலாகத் தெரிந்தால் போதும். படுத்ததும் ஒரு தடவை கண்ணை மூடித் திறக்க வேண்டும். முனை குறியை விட்டு விலகியிருந்தால் கையால் தள்ளக் கூடாது, இடுப்போடு உடம்பையே நகர்த்தணும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு வினாடிக்குள் சுட வேண்டும். அதுக்கு மேல போனா கண் மங்கும், அப்போ விட்டுட்டு மறுபடி மூச்சு வாங்கிக்கலாம். டிரிகரில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் லூசாக வரும், பிறகு கெட்டியாக நிற்கும். அந்தக் கெட்டியில் இருந்து எலுமிச்சம்பழம் பிழிவது போல மெல்ல இழுக்கணும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியக் கூடாது.

இன்னொரு விஷயம். ஹவில்தார் சார் என் காகிதத்தைக் காட்டி, “இதுதான் நல்ல ஷூட்டிங்” என்றார். அஞ்சு துளையும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் இருந்தது. இதைத்தான் குரூப்பிங் என்கிறார்கள். ஒரே இடத்தில் விழுந்தால் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்று அர்த்தம், அதைத் திருத்தலாம். சிதறி விழுந்தால் எதைத் திருத்துவது? ஆனாலும் அந்த வருஷம் டீமில் அவள் பெயர்தான் வந்தது, என் பெயர் வரவில்லை. கொஞ்சம் வருத்தம் இன்னும் இருக்கு.

வெளிநாட்டில் இந்தப் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கென்றே போட்டி இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் கேம்ப் பெர்ரி என்ற இடம். 1936ல் ராணுவத்துக்கு வந்த கேரண்ட் என்ற ரைஃபிளுக்கு அதை வடிவமைத்தவர் பெயரிலேயே போட்டி. தூரம் 200 கெஜம், நாம் 200 மீட்டர் ஓடுகிறோமே, அதைவிடக் கொஞ்சம் கம்மி. படுத்து நிதானமாக 10, படுத்து வேகமாக 10, நின்றபடி 10. மொத்தம் 300 மார்க். ஸ்பிரிங்ஃபீல்டு, மவுசர், நம்ம லீ என்ஃபீல்டு வைத்திருப்பவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. துப்பாக்கி சிப்பாய் கையில் இருந்த மாதிரியே இருக்கணும், தூரத்தைப் பக்கமாகக் காட்டும் டெலஸ்கோப் எல்லாம் அந்த கேரண்ட் போட்டியில் மாட்டக் கூடாது. தாத்தா வயசுக்காரர்கள் கூட வந்து படுத்துச் சுடுவார்களாம்.

நம்ம நாட்டில் அப்படி முடியாது. .303 ராணுவ அளவுக் குண்டு என்பதால் பொதுஜனம் சாதாரணமாக லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 1951ல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம் நடத்தும் போட்டிகளில் நம்மைப் போன்ற பிள்ளைகள் .22, ஏர் ரைஃபிள் என்றுதான் போக வேண்டும். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது ஏர் ரைஃபிளில்தான்.

தாத்தாவிடம் இதெல்லாம் சொல்லும்போது எப்போதும் அவருடைய வலது பக்கம்தான் உட்காருவேன். அவருக்கு இடது காது மந்தம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் குழாய் முனைப் பக்கம் இருக்கும், சத்தம் அதில்தான் அதிகம் இறங்கும். அந்தக் காலத்தில் யாரும் காதை மூடச் சொல்லவில்லையாம். மூடினால் பயந்தாங்கொள்ளி என்று கேலி வேறு!

அதனால் தம்பி, அடுத்த கேம்ப்புக்கு நீ வந்தால் மறக்காமல் இரண்டு காதுக்கும் அடைப்பான் எடுத்து வா. வெறும் பஞ்சு போதாது. கடையில் ஸ்பாஞ்சு மாதிரி விற்கும், விலை கம்மிதான். நான் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஒன்று தருகிறேன்.

— ஒரு என்.சி.சி. அக்கா, 10ஆம் வகுப்பு